பட்டறைக்கு ஒண்ணு ஏறுது

“அண்ணா, ஜாதி போட்டா பட்டறைக்கு ஒண்ணு ஏறுதுண்ணா.”

எட்டாவது படிக்கிற பையன் சொன்னான். எங்கள் காலனி மாலை வகுப்பில், ஏதோ ஒரு ஆபீசில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். அவன் தலைக்கு மேலே சுவரில் அம்பேத்கர் படம். படத்துக்குக் கீழே எங்கள் பையன் ஒரு நாட்டுக்கு ராஜாவாகி, சாதியை அமல்படுத்தி, லாபக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சுருக்கென்றது. திட்ட வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. ஏனென்றால் அதே பட்டனை நானும் அழுத்தியிருக்கிறேன். அழுத்திவிட்டுப் பக்கத்துச் சீட்டுக்காரனிடம் பெருமையும் பேசியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சினிமாவை விட்டோமா? பாடப்புத்தகத்தை விட்டோமா? நம் பிள்ளைகள் ராஜாவாக உட்காருகிற ஓர் இடம் இருக்கிறது என்றால், அந்த இடத்தில் அவர்களுக்கு என்ன சொல்லித்தரப்படுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

தெரியாதவர்களுக்காக முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சிவிலைசேஷன். நாகரிகம் என்று அர்த்தம். சிட் மையர் என்கிற அமெரிக்கர் பெயரோடு 1991 இல் முதல் விளையாட்டு வந்தது. எங்கள் வகுப்பில் ஓடுவது நான்காவது. 2005 இல் வந்தது, 2007 இல் வந்த பிற்சேர்க்கையோடு சேர்த்து ஓடுகிறது. பழைய மெஷின், அதற்குப் பழைய விளையாட்டுதான் தாங்கும்.

துப்பாக்கி எடுத்துச் சுடுகிற விளையாட்டு இல்லை இது. சதுரங்கம் மாதிரி, உனக்கு ஒரு முறை, எதிராளிக்கு ஒரு முறை. கி.மு. 4000 இல் ஒரு சின்னக் கூட்டத்தோடு ஆரம்பித்து கி.பி. 2050 வரை போகலாம். நிலம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் சோறு வரும், காசு வரும், சுத்தியல் வரும். சுத்தியல் என்றால் உற்பத்தி. சுத்தியல் சேரச் சேர கோயில் கட்டலாம், கோட்டை கட்டலாம், படை திரட்டலாம்.

நாட்டை எப்படி நடத்துவது என்பதற்கு அய்ந்து தலைப்பு. ஆட்சி, சட்டம், உழைப்பு, பொருளாதாரம், மதம். தலைப்புக்கு அய்ந்து வழி, ஆக 25. உழைப்பு என்கிற தலைப்பின் கீழே இருக்கிற அய்ந்தைப் பாருங்கள். குலக்குழு, அடிமை முறை, பண்ணையடிமை முறை, சாதி முறை, விடுதலை. ‘கேஸ்ட் சிஸ்டம்’ என்று பெயர் போட்டே இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் படம். அதை அழுத்தினால் ஒரு முறை நாட்டில் அராஜகம் என்று வரும். அடுத்த முறை நாடு சாதி நாடு.

இப்படி ஒரு வழியை வைத்தால் அதற்கு ஒரு பலனும் வைத்தாக வேண்டும். விளையாட்டு செய்கிறவர்கள் இதற்கு பேலன்ஸ் என்று பெயர் சொல்கிறார்கள். ஒரு வழி மட்டும் ரொம்பச் சிறந்தது என்றால் எல்லோரும் அதையே எடுப்பார்கள், விளையாட்டு செத்துவிடும். ஒரு வழியால் யாருக்கும் பிரயோசனமில்லை என்றால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். எனவே எல்லாத் தட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் எடை போட்டு நிறுத்த வேண்டும். சாதியின் தட்டிலும் போட்டார்கள். சாதி முறையை எடுத்தால் கலைஞர், விஞ்ஞானி, வணிகர் ஆகியோரை நகரத்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பிற்சேர்க்கையில் இன்னொன்றும் சேர்த்தார்கள். பட்டறைக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுத்தியல் கூடக் கிடைக்கும்.

பையன் சொன்னது அதைத்தான்.

*

2008 இல் நான் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. அம்பத்தூர் ஓ.டி.யில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். மணிக்கு 15 ரூபாய். வேலைக்கு அப்ளிகேஷன் போட வருகிறவர்களுக்கு நடுவில் நாங்கள் நாலைந்து பேர் ராஜ்ஜியம் நடத்துவோம். சி.டி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினது. அது அசல் இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

முதல்தடவை அந்தப் பட்டியலைத் திறந்தபோது ‘கேஸ்ட்’ என்கிற வார்த்தையைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் கண் அதைத் தாண்டி எண்ணுக்குப் போய்விட்டது. எவ்வளவு தருகிறது, எவ்வளவு பராமரிப்புச் செலவு, இப்போது மாறினால் எத்தனை முறை நஷ்டம். கணக்குப் போட்டேன், லாபம் என்று தெரிந்தது, அழுத்தினேன். ஜெயித்தேன் என்றுகூட ஞாபகம்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போனால் அப்பா திண்ணையில் உட்கார்ந்து இடது கையால் சோறு தின்றுகொண்டிருந்தார். வலது கையில் கட்டு.

அப்பா வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப். எஸ்டேட்டைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். தகடு வைப்பார்கள், பவர் பிரஸ் இறங்கும், தூக்கும், அடுத்த தகடு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில். தகட்டை எடுக்கப் போன கை ஒரு நொடி தாமதமானால் போச்சு. அவருக்கு இரண்டு விரல் நுனி போனது. அந்தக் கம்பெனி கட்டுப் போட்டு, ஒரு வாரக் கூலி கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டது.

அந்தப் பட்டறையில் டீ வரும்போது இரண்டு வகை கிளாஸ் வரும் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா சொன்னதில்லை. டூல் ரூம் ஆட்களுக்கு எவர்சில்வர் டம்ளர். பிரஸ்ஸில் நிற்கிறவர்களுக்கும் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் பேப்பர் கப். பேப்பர் கப் சுகாதாரம் என்று அந்த மேஸ்திரி விளக்கமும் சொல்வாராம். யார் டூல் ரூமில், யார் பிரஸ்ஸில் என்று எழுதிவைத்த சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் காலனியிலிருந்து போன ஒருவரும் டூல் ரூமுக்குள் போனதில்லை.

பட்டறைக்கு ஒன்று ஏறுகிறது. சரி. அந்த ஒன்று எங்கேயிருந்து வருகிறது? என் அப்பாவின் கையைப் பார்த்தபோதுகூட நான் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறுநாள் மறுபடி 15 ரூபாய் எடுத்துக்கொண்டு ஓ.டி.க்குப் போனேன். அந்தக் கேள்வி எனக்கு வருவதற்குப் பத்து வருசத்துக்கு மேல் ஆயிற்று. பிற்பாடு எம்.ஏ. படித்தேன், இயக்கத்துக்கு வந்தேன், மேடையில் பேசினேன். ஆனால் எட்டாவது படிக்கிற பையன் வாயால் அந்த வரியைக் கேட்ட பிறகுதான் இரண்டு பட்டறையும் ஒன்றாக வந்து நின்றது.

*

சாதி வேலைப் பிரிவினை என்று சொல்கிறவர்களுக்கு அம்பேத்கர் 1936 இலேயே பதில் எழுதிவிட்டார். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குவது வேறு என்பதுதான் அதன் சாரம். விளையாட்டு செய்தவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சாதி என்றால் ஆளாளுக்கு ஒரு தொழில், அதனால் நிபுணர்கள் பெருகுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. கலைஞர், விஞ்ஞானி, வணிகர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாதியைக் கலையாக்கி, குலத்தொழிலை அறிவாக்கிப் பேசுகிறவர்கள் இங்கேயும் உண்டு, அவர்களும் இந்த மூன்றைத்தான் சொல்வார்கள்.

அந்தப் பட்டியலில் கூட்டுகிறவர் இல்லை. பிணம் எரிக்கிறவர் இல்லை. தோல் உரிக்கிறவர் இல்லை. சாக்கடையில் இறங்குகிறவர் இல்லை. இத்தனைக்கும் சாக்கடை இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. 1996 இல் வந்த இரண்டாவது விளையாட்டில் நகரம் ஓர் அளவுக்கு மேல் வளர வேண்டுமானால் சாக்கடை கட்டியே ஆக வேண்டும். காசைக் கட்டினால் சாக்கடை முளைக்கும், நகரம் பெருக்கும். அடைத்துக்கொண்டால் யார் இறங்குவது என்கிற கேள்வியே எழாது, ஏனென்றால் அந்தச் சாக்கடை அடைத்துக்கொள்ளவே கொள்ளாது.

நம்முடைய சாக்கடை அடைத்துக்கொள்கிறது. மலம் அள்ளுவதைத் தடுக்க 1993 இல் ஒரு சட்டம், 2013 இல் இன்னொரு சட்டம். இரண்டுக்குப் பிறகும் ஆள் இறங்குகிறான், சாகிறான். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் சொன்னது. 2023 இல் அதை 30 லட்சம் ஆக்கியது. விளையாட்டில் அடிமை முறையை எடுத்தால் நகரத்து மக்களில் ஒரு பங்கைப் பலிகொடுத்து வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம். ஓர் எண் குறையும், 30 சுத்தியல் வரும். பத்து முறைக்கு ஒரே ஒரு கோபமுகம் தெரியும், பிறகு மறைந்துவிடும். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இல் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்களே, அந்தக் கோபம் எத்தனை முறையில் தணியும் என்று எந்த நிரலில் எழுதுவார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளையாட்டில் சாதி எப்போது திறக்கும் தெரியுமா? ‘சட்டத் தொகுப்பு’ என்கிற அறிவைக் கண்டுபிடித்த பிறகு. செய்தவர்கள் மனுவை நினைத்துச் செய்தார்களா, எனக்குத் தெரியாது. சாதி மண்ணில் தானாக முளைத்ததல்ல, யாரோ உட்கார்ந்து எழுதியது என்பது மட்டும் அதில் சரியாக விழுந்திருக்கிறது. அதனால்தானே 1927 டிசம்பர் 25 இல் மகாடில் அந்த நூலை எரிக்க வேண்டியிருந்தது.

*

இந்த நான்காவது விளையாட்டை ஊன்றி ஆடுகிறவர்களுக்குள் ஓயாத ஒரு வாதம் உண்டு. அடிமை முறை சிறந்ததா, சாதி முறை சிறந்ததா என்பதுதான் அது. சோறு அதிகம் விளைகிற நாடென்றால் அடிமை. பட்டறை அதிகமென்றால் சாதி. கெட்டிக்காரர்கள் சொல்வது மூன்றாவது வழி. கொஞ்ச நாள் அதில், கொஞ்ச நாள் இதில், தேவைக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவை மாறும்போதும் அராஜகம் வந்து நாடு முடங்கும். அதற்கும் ஒரு தீர்வு உண்டு. ‘ஆன்மிகம்’ என்கிற குணமுள்ள தலைவரை எடுத்துக்கொண்டால் எதற்கு மாறினாலும் அராஜகமே கிடையாது.

இந்தியாவுக்கு அப்படிப்பட்ட தலைவர் யார்? காந்தி.

நான் கதை கட்டவில்லை. இந்த விளையாட்டில் காந்தியின் குணங்களில் ஒன்று ஆன்மிகம். அவரை எடுத்தால் சாதிக்குள் போகலாம், வரலாம், ஒரு முறைகூட நஷ்டமில்லை. 1932 இல் எரவாடா சிறையையும் பூனா ஒப்பந்தத்தையும் படித்த ஒருவன் இதைப் பார்த்துச் சிரிப்பானா, அழுவானா?

உலகம் வேறொன்றுக்காகச் சிரித்தது. முதல் விளையாட்டில் காந்தி அணுகுண்டு போடுவார் என்று ஒரு கதை ரொம்பக் காலம் சுற்றியது. அவருடைய ஆவேச எண் ஒன்று, ஜனநாயகம் வந்ததும் அதில் இரண்டு குறையும், பூச்சியத்துக்குக் கீழே போக வழியில்லாமல் எண் சுற்றிக்கொண்டு 255 ஆகிவிடும், சாந்தமூர்த்தி அணுகுண்டு மூர்த்தியாகிவிடுவார் என்று விளக்கமும் சொன்னார்கள். அப்படிப் பிழை எதுவும் இருக்கவில்லை என்று சிட் மையரே 2020 இல் தன் நினைவுக் குறிப்பு நூலில் எழுதினார். இல்லாத பிழையைப் பற்றி அவ்வளவு பேச்சு. சாதி என்று பெயர் எழுதின பட்டன் அதே குடும்பத்து விளையாட்டில் எல்லோர் கண்முன்னாலும் இருந்தது. அதைப் பிழை என்று யாராவது பேசி என் காதுக்கு எட்டவில்லை. நானே பேசவில்லையே.

ஏழாவது விளையாட்டு 2025 பிப்ரவரியில் வந்தது. அதில் சோழர் இருக்கிறார்கள். கலம் என்கிற கப்பல், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்கிற வணிகக் குழுக்களின் பெயரில் கட்டடங்கள். நம் பேர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது என்று தமிழர்கள் கொண்டாடினார்கள். எனக்கும் அந்தச் சொற்களைக் கேட்டபோது காது குளிர்ந்தது, மறைக்கவில்லை. எம்.ஏ. வகுப்பில் கல்வெட்டுப் பாடத்தில் படித்த சொற்கள்.

அதே பாடத்தில் இன்னொன்றையும் படித்தேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டில், கோயிலுக்கு விட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி கிடையாது என்று பட்டியல் வரும். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு என்று போகும். சேரியும் சுடுகாடும் ஒரே பட்டியல். தீண்டாச்சேரி என்கிற சொல்லும் அந்தக் கோயில் கல்வெட்டுகளில் உண்டு. ஆயிரம் வருசத்துக்கு முன்னால் ராஜா வீட்டுக் கணக்குப்பிள்ளை எங்களை ஒரு வரியிலாவது எழுதினான், வரி வராத இடம் என்று. விளையாட்டு செய்கிறவர்கள் அந்த வரியையும் விட்டுவிட்டார்கள். கோயில் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, வணிகர் இருக்கிறார்கள். சேரிக்குக் கட்டம் இல்லை.

*

இப்போது பையன் விசயத்துக்கு வருகிறேன்.

இந்த நான்காவது விளையாட்டில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். அதன் விதிகளை எல்லாம் பூட்டிவைக்காமல் சாதாரண எழுத்துக் கோப்பாக விட்டிருக்கிறார்கள். நோட்பேடில் திறக்கலாம், எண்ணை மாற்றலாம், சேமிக்கலாம். இதற்கு மாட் என்று பெயர். உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் இப்படித் திருத்தித் திருத்திப் புது விளையாட்டே செய்தார்கள். ஒரு ரசிகர் செய்த திருத்தத்தை 2007 பிற்சேர்க்கையில் கம்பெனியே சேர்த்து வெளியிட்டது.

“சட்டம் எழுதியிருக்கிற இடத்தைப் பாக்கறியா?” என்று பையனிடம் கேட்டேன். வகுப்பிலிருந்த எல்லோரும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். ஆட்சிமுறைகளுக்கான கோப்பைத் திறந்தோம். தேடினோம். ‘கேஸ்ட் சிஸ்டம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே வரிசையாக வரிகள். பெரும்பாலும் பூச்சியம்.

“இவ்ளோதானா?” என்றான் பையன். “ஆமா, இவ்ளோதான்” என்றேன்.

“தூக்கிடலாண்ணா” என்றது கூட்டம். பத்தாவது படிக்கிற பெண் ஒருத்திதான் வேண்டாம் என்றாள். “தூக்கிட்டா ஜாதியே இல்லாத மாதிரி ஆயிடும். எங்க சாரும் அப்படித்தான் சொல்றாரு, இப்பல்லாம் யாரு ஜாதி பாக்குறாங்கன்னு. ஆனா பெருக்கறதுக்கு எங்களத்தான் கூப்புடுவாரு.” அதற்குமேல் தூக்குகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சரி, லாபத்தை நஷ்டமாக மாற்றலாம் என்று முடிவு. பட்டறைக்கு ஒன்று கூடுவதை ஒன்று குறைவதாக்கினோம். உடல்நலத்திலும் மூன்றைக் கழித்தோம். ஆடிப் பார்த்தால், கம்ப்யூட்டர் நடத்துகிற ராஜாக்கள் ஒருவரும் சாதி பக்கமே வரவில்லை. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எனக்கும்தான், ஒரு பத்து நிமிசம். பிறகு உறுத்தியது. சாதி ஆளுகிறவனுக்கு நஷ்டம் என்றால் இத்தனை நூற்றாண்டு எதற்காக அதைக் கட்டிக்காத்தான்? ராஜாக்கள் முட்டாள்கள், கணக்குத் தெரியாமல் சாதியை வைத்துக்கொண்டார்கள் என்றா பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது? அவர்களுக்கு நன்றாகக் கணக்குத் தெரியும். பொருளாதாரத்துக்குக் கெடுதல், அதனால் சாதியை ஒழிப்போம் என்று பேசுகிற முற்போக்காளர்களிடம் எனக்கு இருக்கிற சண்டையும் இதுதான். நாளைக்குப் பொருளாதாரத்துக்கு நல்லது என்று ஒருவன் கணக்குக் காட்டினால் என்ன செய்வார்கள்?

மூன்றாவது யோசனை பையனுடையது. “அண்ணா, உள்ள போறது ஈஸி. வெளிய வர்றதுதான் கஷ்டம்னு வைக்கலாம்.” அது எனக்குத் தோன்றாத யோசனை. சாதியை விட்டு வெளியேற பத்து முறை அராஜகம் என்று எழுதலாம் என்று தேடினோம். கோப்பை மேலும் கீழும் அலசினோம். இடமில்லை. அந்த விளையாட்டில் ஒரு முறைக்குள் நுழைவதற்குத்தான் விலை உண்டு. ஒன்றை விட்டு வெளியேறுவதற்கு விலை எழுதுகிற வரியே கிடையாது. சாதியை விட்டு வெளியேறுவது கஷ்டமாக இருக்கும் என்பது செய்தவர்கள் கற்பனைக்கே வரவில்லை.

வேறு வழியில்லாமல், வெளியேறினால் எங்கே போகிறோமோ அங்கே விலையை வைத்தோம். ‘விடுதலை’க்கு நேரே அராஜகம் ஒன்று என்று இருந்ததை எட்டு ஆக்கினோம். பையன் ஆடிப் பார்த்தான். எட்டு முறை நாடு முடங்கியது. வேலையில்லை, வருமானமில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

“அப்போ விடுதலைக்கு நாமதான் துட்டு குடுக்கணுமாண்ணா?”

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆமாம் என்றேன். 1956 அக்டோபர் 14 இல் நாகபுரியில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானோர் இந்து மதத்தை விட்டு பவுத்தத்துக்குப் போனார்கள். போனவர்கள் பட்டியல் சாதி உரிமையைப் பறிகொடுத்தார்கள். அது திரும்பச் சட்டத்தில் வர 1990 ஆயிற்று, 34 வருசம். கிறித்தவர்களாகப் போனவர்களுக்கு மத்திய அரசின் பட்டியலில் இன்றைக்கும் இடமில்லை. சாதி கூடவே வருகிறது, உரிமை மட்டும் வாசலோடு நின்றுவிடுகிறது. இதையெல்லாம் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

அடுத்து அவனே ஒரு காரியம் செய்தான். காந்தியை எடுத்து ஆடினான். எட்டு என்று எழுதியிருந்தும் காந்திக்கு ஒரு முறைகூட அராஜகம் வரவில்லை. “இவருக்கு மட்டும் ஃப்ரீயா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அதற்கு நான் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை.

எண்ணை எத்தனை தடவை மாற்றினாலும் சரிவராது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாத் தட்டிலும் எடை போட்டு நிறுத்துகிற அந்தத் தராசு அரண்மனைக்குள் இருக்கிறது. லாபமா நஷ்டமா என்று பார்க்கிற கண் ராஜாவின் கண். மாமன்னன் ஆகலாம், கடவுள் மாதிரி மேலே இருந்து பார்க்கலாம். ஆனால் இந்த விளையாட்டில் சேரியில் உட்கார்ந்து ஆட ஒரு நாற்காலி கிடையாது. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் சாதி எப்போதும் கணக்குக்குச் சரியாகத்தான் வரும். 2008 இல் அப்பா மகனாகிய எனக்கே சரியாக வந்ததே. அதிகாரத்தில் இருக்கிறவனின் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு பார்க்கப் பழகினால் சொந்த அப்பாவின் கை தெரியாது. நாளைக்குப் பஞ்சாயத்துத் தலைவராகவோ, எம்.எல்.ஏ.வாகவோ நம்மாட்கள் போய் உட்காரும்போதும் இதே ஆபத்து உண்டு. உட்காருவது வேண்டும். உட்கார்ந்த பிறகு யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றாக ‘விடுதலை’யை எடுக்க எடுக்க, எடுக்காத நாட்டு மக்களின் முகம் சிவந்துகொண்டே போகும். ராஜா கோயில் கட்டுவான், கூத்து காட்டுவான், கோபம் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். கடைசியில் ராஜாவே இறங்கிவருவான். ஒரு சேரியின் கோபம் இன்னொரு சேரிக்குத் தொற்றும் என்கிற இந்த ஒரு விதியை எழுதினவன் எங்கேயோ எதையோ கண்ணால் பார்த்திருக்கிறான்.

*

கடைசியில் நாங்கள் செய்த மாட் மிகச் சின்னது. பட்டறைக்கு ஒன்று ஏறுவதை அப்படியே விட்டுவிட்டோம். லாபம் இருப்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. விடுதலையின் விலையை எட்டாகவே வைத்தோம். விளையாட்டோடு வருகிற கலைக்களஞ்சியத்தில் சாதி என்கிற பக்கத்தை அழித்துவிட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு வரி எழுதினார்கள். தமிழ் எழுத்து அதில் எங்களுக்கு வரவில்லை, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினோம். பெருக்கக் கூப்பிடுவதை அந்தப் பெண் எழுதினாள். பேப்பர் கப்பை நான் எழுதினேன். இனி யாராவது அந்தப் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அதைப் படிக்க வேண்டியிருக்கும். படித்துவிட்டும் அழுத்தலாம். அழுத்துகிறார்கள். பையனும் போன வாரம் அழுத்தினான். ஆனால் இப்போதெல்லாம் அழுத்தும்போது ஒரு தடவை திரும்பி என்னைப் பார்க்கிறான்.

அன்றைக்கு அப்பா என்னைச் சாப்பிடக் கூப்பிட வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் அவரைப் பிடித்து உட்காரவைத்து, “தாத்தா, இதான் பட்டறை” என்று காட்டினார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஆளயே காணோம்?” என்றார்.

பையன் நகரத்தைத் திறந்து காட்டினான். அதில் எந்தக் கட்டத்தில் வேலை நடக்கிறதோ அந்தக் கட்டத்தின்மேல் ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். “இதோ, இந்த ரவுண்டுதான் தாத்தா ஆளு.”

அப்பா அந்த வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இவன் பேரு இன்னா?”

பையன் என்னைப் பார்த்தான். வட்டத்துக்குப் பேர் வைக்க அந்தக் கோப்பில் எங்கே இடமிருக்கிறது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.